கீபோர்டின் இரண்டாவது சத்தம்

பெருமதிப்பிற்குரிய ஆய்வாளர் ஐயா அவர்களுக்கு, பனியன் ஏற்றுமதிக் கம்பெனியின் கடிதப் பிரிவு எழுத்தர் சாமியப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

கீபோர்டு வாங்கப் போகிறவர்கள் எழுத்து தெளிவாக இருக்கிறதா, ஒயர் நீளம் போதுமா என்றுதான் பார்க்கிறார்கள். காதால் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. தாங்கள் ஸ்டேஷனுக்கு எப்போதாவது ஒன்று வாங்குவதாக இருந்தால் கேட்டு வாங்கவும். தங்கள் ரைட்டர் மேசையில் இருப்பது அடியில் ரப்பர் வைத்தது. அதில் அடிப்பது சேற்றில் விரல் விடுவது போல. நேற்று என் வாக்குமூலத்தை அவர் அதில்தான் அடித்தார். பஜ்ஜி தின்ற கையை மேசை விளிம்பில் தேய்த்துவிட்டு அடித்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த வாக்குமூலத்தில் பிழைகள் இருக்கின்றன. அவற்றைத் திருத்தவே இந்தக் கடிதம். சசிகுமார் இறந்தது குறித்த முதல் தகவல் அறிக்கையில், நானும் துப்புரவு செய்யும் பூவாத்தாளும் 'அஜாக்கிரதையாகவும் கவனக்குறைவாகவும்' நடந்துகொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஐயா, இருபத்தெட்டு வருடமாகக் கடிதம் அடிக்கிறேன். வெளிநாட்டுக்குப் போன என் கடிதம் ஒன்றில்கூட ஒரு கமா தவறியதில்லை. கவனக்குறைவு என்ற சொல்லை என் பெயருக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க நேர்ந்தது இதுவே முதல் தடவை. இரவெல்லாம் அது உறுத்தியது. ஆகையால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நான் காங்கேயத்துக்காரன். பத்தாவது முடித்த கோடையில் டைப்ரைட்டிங் பழகினேன். இடது கைக்கு ஏ, எஸ், டி, எஃப். வலது கைக்கு செமிகோலன், எல், கே, ஜே. ஒரு மாதம் முழுக்க இவ்வளவுதான். எங்கள் மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டே எந்த மிஷினில் எந்த விரல் தப்பியது என்று சொல்லிவிடுவார். அந்தக் காது எனக்கும் வாய்த்தது. ஸ்பேஸ் பார் ஒரு மாதிரி, என்டர் ஒரு மாதிரி, சுண்டுவிரல் அடிக்கிற எழுத்து ஒரு மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

அலுவலகத்தில் என் ஒழுங்கு இது. எட்டரைக்கு உட்கார்ந்ததும் முருகனை நினைத்துக்கொள்வேன். ஒரு சிட்டிகை மூக்குப்பொடி போடுவேன். அது இல்லாமல் எனக்கு வாக்கியம் ஓடாது. கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைப்பேன், பிறகு கீபோர்டையும் ஒரு தடவை துடைப்பேன். அப்புறம்தான் முதல் எழுத்து. ஒரு கடிதத்துக்கு இரண்டு சிட்டிகை வீதம் ஒன்றரை மணி வரை வேலை நடக்கும்.

ஒன்றரைக்கு நான் எழுந்தால் அதே நாற்காலியில் சசிகுமார் உட்காருவான். ஐரோப்பாக்காரர்கள் கண்விழிப்பது நமக்கு மத்தியானம். அவர்கள் மெயிலுக்குப் பதில் போடுவது அவன் வேலை. பேக்கிங் குடோனின் கடைசியில் பிளைவுட் அடித்த ஒரு கேபின், அதில் ஒரே கம்ப்யூட்டர், ஒரே கீபோர்டு. ஒருவர் வாய் வைத்த டம்ளரில் இன்னொருவர் குடிப்பாரா? இதை மட்டும் ஏன் யாரும் யோசிப்பதில்லை என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

போன வருடம் ஆயுத பூஜைக்கு முன்னால் முதலாளியின் மகள் மதுமதி எங்களைக் கூப்பிட்டார்கள்.

"சாமியப்பண்ணா, பூஜைக்குள்ள புதுசா ஒரு கீபோர்டு வாங்கீருங்க. சசியையும் கூட்டீட்டுப் போங்க. ரெண்டு பேரு கைக்கும் சேரோணும். அப்புறம் எங்கிட்ட பஞ்சாயத்துக்கு வரக் கூடாது, ஆமா."

கடைக்காரர் மூன்று எடுத்து வைத்தார். ஒன்று ரப்பர். மற்ற இரண்டும் ஒவ்வொரு கீக்கு அடியிலும் தனித்தனி ஸ்பிரிங் வைத்த மெக்கானிக்கல் கீபோர்டுகள். அதில் ஒன்று சத்தமே போடாது, வெண்ணெயில் விரல் வைத்த மாதிரி இறங்கும். சிங்கப்பூரிலிருந்து வந்தது என்றார். சசிகுமாருக்கு அதுதான் பிடித்தது. சாப்பாட்டு நேரத்தில் அவன் கம்ப்யூட்டரில் ஓடிச் சுடுகிற ஆட்டம் ஆடுகிறவன். அதை மறைக்கவும் மாட்டான்.

"கேமுக்கு இதுதானுங்க சார். தொட்டா ஓடுது பாருங்க."

நான் மூன்றாவதைத் தொட்டேன். கனமானது. கீயை அழுத்தும்போது ஒரு சத்தம், விரலை எடுக்கும்போது இன்னொரு சத்தம். முதலாவது திடமானது. இரண்டாவது மெல்லியது, மேலண்ணத்தில் ஒட்டிய நாக்கை எடுப்பது போல. ஒரு எழுத்து ஒழுங்காக முடிந்தது என்பதற்கு அந்த இரண்டாவது சத்தம்தான் சாட்சி. பழைய டைப்ரைட்டருக்குப் பிறகு அப்படி ஒரு நிறைவை நான் அடைந்ததில்லை.

"இதென்னுங்க சார், கோழி தவுடு கொத்தற மாதிரி இருக்குது" என்று சசிகுமார் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, உடுங்க. காலையில இருந்து அடிக்கறவங்க நீங்கதான். உங்க விரலுக்கு எது சேருதோ அதையே எடுங்க. நான் பழகிக்கறனுங்க" என்றான்.

அவனாகத்தான் விட்டுக்கொடுத்தான். நான் வற்புறுத்தவில்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளவும்.

அந்த வாரமே ஆயுத பூஜை. தறிக்கும் தையல் மிஷினுக்கும் வைப்பது போல அவன் கீபோர்டுக்கும் சந்தனம் வைத்தான். நாலு மூலையிலும் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, மேலே பொரியையும் தூவினான். எல்லோரும் கைதட்டினார்கள். எஸ்கேப் கீக்கு அடியில் இறங்கிய சந்தனத்தை மறுநாள் குண்டூசியால் கிளறி எடுத்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. ஈரம் காயாமல் ஒரு விதமாகப் புளித்திருந்தது.

அதற்குப் பிறகு, மத்தியானம் என் வேலை முடிந்தும் போகாமல், கேபினுக்கு வெளியே நின்று அவனைக் கவனிக்கத் தொடங்கினேன். இடது கை டபிள்யூ, ஏ, எஸ், டி ஆகிய நான்கு கீயின் மேல். வலது கையில் முட்டை பப்ஸ். ஆட்டத்துக்கு அந்த நான்கு போதுமாம். நான் ஒரு மாதம் தவமாகப் பழகிய விரல்கள் அவை. பப்ஸைக் கீழே வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக வாயில் விட்டுச் சூப்பி எடுத்து, அந்தக் கையோடு என்டரைத் தட்டுவான். யோசிக்கும்போது நகத்தைக் கடிப்பான். கடித்த துணுக்கை நாக்கு நுனியால் தள்ளித் துப்புவான்; அது எங்கே விழுந்தது என்று பார்க்கமாட்டான். நான் பார்ப்பேன். மறுநாள் காலையில் அந்த நான்கு கீ மட்டும் வழுக்கைத் தலை போலப் பளபளக்கும். தொடும்போது விரல் லேசாக ஒட்டி, பிறகு விடும். அந்த ஒரு நொடி ஒட்டலுக்காக எத்தனை தடவை எழுந்து போய்க் கை கழுவியிருக்கிறேன் என்று என்னால் சொல்ல முடியாது.

கார்த்திகை மாதத்தில் ஸ்பேஸ் பாரைக் கழற்றிப் பார்த்தேன். அடியில் காவி நிறத்தில் ஒரு தூள், அப்பம் அப்பமாக. எண்ணெயும் ஈரமும் ஏறிக் கெட்டிப்பட்டிருந்தது. பப்ஸின் மசாலாவோ, மிக்சரோ, எதுவாகவும் இருக்கலாம். அன்று சாப்பிடவில்லை. துடைத்து வைத்தேன், பத்து நாளில் மறுபடியும் அதே அளவு சேர்ந்துவிட்டது. அவன் எவ்வளவு தின்றிருந்தால் அவ்வளவு சேரும் என்று பாருங்கள்.

அவன் செய்கையில் ஒரு கள்ளத்தனமும் இருந்தது. மத்தியானம் உட்காருவதற்கு முன்னால், நான் கதவைத் தாண்டிவிட்டேனா என்று பார்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு துணியை எடுத்துக் கீபோர்டை அழுத்தித் துடைப்பான். எதற்கு? காலை முழுக்க இருந்தவன் நான். சுத்தமாகத்தானே விட்டுவிட்டு எழுகிறேன்? ஒருநாள் என்னிடமே வந்து, "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. கீயெல்லாம் கொஞ்சம் இறுகுதுங்க. ஒரு நாளைக்குக் கழட்டித் தட்டிப் போட்டரலாமுங்களா?" என்றான். செய்தவனே கேட்கிறான். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி அனுப்பினேன்.

நான் சண்டை போடுகிறவன் அல்ல. எழுதுகிறவன். மதுமதிக்கு இது பற்றி மூன்று கடிதங்கள் கொடுத்தேன். மூன்றாவதைப் படித்துவிட்டு, "ஏனுங்கண்ணா, ஒரே கூரைக்கடியில ஒக்காந்துட்டு எனக்கு லெட்டருங்களா?" என்று சிரித்தார்கள். பிறகு அவனிடமும் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் ஒரு காகிதப் பையோடு வந்தான்.

"எடுத்துக்கங்க சார். உங்களுக்குன்னே வாங்கியாந்தது. சூடா இருக்குது."

பையில் முட்டை பப்ஸ். பையின் அடிப்பக்கம் எண்ணெய் ஊறிக் கண்ணாடி போல இருந்தது. வாங்கிக்கொண்டேன். பின்வாசலில் நாய்க்குப் போட்டேன். நாய் தின்றது.

மார்கழியில், நாங்கள் அனுப்பிய அட்டைப்பெட்டி ஒன்றில் செத்த கரப்பான் கிடந்ததாக வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்தது. அடுத்த சரக்குக்கு முன்னால் குடோன் முழுக்க மருந்துப் புகை விட்டு, அதற்குச் சான்று அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பதில் அடித்தவன் நான். அடித்துக்கொண்டிருக்கும்போதே ஹெச்சுக்கும் ஜேக்கும் நடுவிலிருந்து ஒரு மீசை வெளியே வந்து ஆடியது. எழுந்து நின்றுவிட்டேன். பெட்டியில் செத்துக் கிடந்தது எங்கே பிறந்தது என்பது எனக்கு அப்போதே தெளிவாகிவிட்டது.

பொங்கல் விடுமுறையில் ஊரே காலியாகும் என்பதால் போகியன்று, ஜனவரி பதின்மூன்றாம் தேதி, வேலையை வைத்தோம். நான்கு நாள் மூடி வைப்பதாக ஏற்பாடு. பொறுப்பு என்னுடையது. மருந்துக்காரர் நல்லான் கொடுத்த படிவத்தை நிரப்புவதும் நானே.

சசிகுமாருக்கு அது தலைப்பொங்கல். கொமரலிங்கத்தில் மாமனார் வீட்டுக்குப் போக வேண்டும். மனைவி அன்புசெல்வியைக் காலை பஸ்ஸிலேயே ஏற்றிவிட்டு, அந்தப் பெண்ணின் செல்போன் ரிப்பேர் என்பதால் தன்னுடையதையும் கொடுத்து அனுப்பியிருந்தான். பதினொரு மணிக்கு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பினான். நல்லானும் நானும் ரோட்டோரம் டீ குடித்துவிட்டு வந்தபோது பின்வாசலில் அவன் செருப்பு கிடந்தது. பஸ்ஸில் கூட்டம் குறையட்டும் என்று திரும்பி வந்திருக்கிறான். விடுமுறைக்கு முன்னால் ஒரு ஆட்டம்.

நல்லான் முன்பக்கம் போய்விட்டார். நான் கேபின் கதவருகே போனேன். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் காகிதப் பை. கதவைச் சாத்திப் பூட்டினேன். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். செருப்பு வெளியே கிடந்தால் நாய் இழுத்துப்போகும் என்பதால் அட்டைத் துண்டு ஒன்றால் தள்ளி உள்ளே விட்டு, பின்கதவையும் சாத்தினேன். கையால் தொடவில்லை.

நல்லான் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மருந்தைத் திறக்கும் முன்னால் பொறுப்பாளரிடம் மூன்று தடவை கேட்பார்.

"உள்ள ஆளு கீளு இல்லீங்களே?"

"இல்லை."

"ஒருக்காக் கேட்டா எங்களுக்கு ஆகாதுங்க. கேபினுக்குள்ள?"

"பூட்டிவிட்டேன். சாவி என்னிடம் இருக்கிறது."

"கடேசியாக் கேக்கறனுங்க. இந்த மருந்துக்கு வாசமும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. யாருமில்லீங்களே?"

"யாரும் இல்லை" என்று சொல்லிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். மூன்று தடவை சரிபார்த்த ஒருவனை எப்படிக் கவனக்குறைவானவன் என்று எழுத முடியும்?

மெயின் சுவிட்சை இறக்கினேன். தினம் நாலு மணி நேரம் கரண்ட் போகிற ஊரில் அதற்காக யாரும் நாற்காலியை விட்டு எழுவதில்லை. கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் உண்டு. அவன் ஆடிக்கொண்டிருந்தான்.

பூவாத்தாள் வெளிச்சுவரில் வெண்டிலேட்டரை டேப் ஒட்டி அடைத்துக்கொண்டிருந்தாள். போகிக்கு வீட்டு வாசலில் காப்புக் கட்ட நேரமாயிற்று என்று அவசரம் அவளுக்கு. திடீரென்று கையை நிறுத்தினாள்.

"சார், உள்ள டொக்கு டொக்குங்குதுங்க. சசி தம்பி இருக்குதாட்டங்க."

"அது யூபிஎஸ். கரண்ட் போனால் அப்படித்தான் சத்தம் போடும்."

"மிஷினுங்களா? மனுசன் தட்டற மாதிரியே இருக்குதுங்களே."

"நீ கண்டாயா?"

"நானெங்கீங்க கண்டேன். படிச்சவங்க சொன்னாச் சரிதானுங்க" என்று மிச்ச டேப்பையும் ஒட்டினாள். போகும்போது, கொண்டுவந்திருந்த பூளைப்பூவையும் வேப்பிலையையும் ஆவாரம்பூவையும் ஒரு கொத்தாகச் சேர்த்து மூடிய ஷட்டரில் செருகிவிட்டுப் போனாள். உள்ளே இருப்பதற்கு ஒரு கெடுதலும் வரக் கூடாது என்பதற்குத்தானே காப்பு.

தங்களிடம் அவள் சத்தம் கேட்டதாகச் சொன்னபோது, நிட்டிங் மில்லில் இருந்த காது, சரியாகக் கேட்காது என்று நான் சொன்னேன். அது பிழை. அவள் காதில் குறையில்லை. அவள் பெயரை அறிக்கையிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

நல்லான் முன்பக்கம் குழாய் வழியாக மருந்தை விட்டார். கேபினின் பிளைவுட் சுவர் குடோன் கூரை வரை எட்டாது, மேலே திறப்புதான். நான் பின்சுவரோரம் நின்றேன். டபிள்யூ, டபிள்யூ, ஏ, டபிள்யூ, டி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் அந்த ஒட்டல். எண்ணெய்க் கை. போகியன்றும் தின்றுகொண்டே அடித்தான். அது மட்டும் கேட்காமல் இருந்திருந்தால் நான் கதவைத் திறந்திருப்பேனோ என்னவோ.

பிறகு யூபிஎஸ் கூவி நின்றது. கைப்பிடி இரண்டு தடவை திருகப்பட்டது. "சார்" என்று ஒரு குரல் வந்தது. பெயர் சொல்லி அழைக்காததால் என்னைத்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்கப்புறம் மறுபடியும் கீபோர்டு. கரண்ட் இல்லாவிட்டாலும் அது சத்தம் போடும். அந்த ரகத்தின் சிறப்பே அதுதான். எழுத்துகள் தாறுமாறாக விழுந்தன, இதுவரை பழகாதவன் விரல் போல. கடைசியாக ஸ்பேஸ் பார். ஒரு தடவை. முதல் சத்தம் கேட்டது. இரண்டாவது சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

மாலை ஆறரைக்கு அன்புசெல்வி போனில் கூப்பிட்டது. "சார், நானுங்க, சசி ஊட்லீங்க. அவரு கெளம்பீட்டாருங்களா? இங்க எல்லாரும் பாத்துட்டே இருக்கறாங்க."

"பதினொன்றுக்கே கிளம்பிவிட்டாரம்மா. போகி நாள், பஸ்ஸில் கூட்டமாக இருக்கும். மெதுவாகத்தான் வருவார்."

"சரீங்க சார். உங்களுக்கும் பொங்கல் வாழ்த்துங்க" என்றது. நானும் சொன்னேன்.

பதினேழாம் தேதி நல்லான் ஷட்டரைத் திறந்து காற்றோட விட்டார். முதலில் உள்ளே போனவன் நான். கேபின் கதவைத் திறந்துவிட்டுச் சாவியைப் பழைய ஆணியில் மாட்டினேன். நாற்காலியில் உட்கார்ந்தபடி மேசைமேல் கவிழ்ந்திருந்தான். இடது கைக் கட்டைவிரல் ஸ்பேஸ் பாரின் மேல். கத்துவதற்கு முன்னால் கைக்குட்டையை எடுத்து அந்த விரலை நகர்த்தி, கீயைத் துடைத்தேன். அப்போதுதான் அந்த இரண்டாவது சத்தம் வந்தது. நான்கு நாள் தாமதமாக. அதன் பிறகே என்னால் மூச்சுவிட முடிந்தது.

ஆகவே ஐயா, உள்ளே ஆள் இருப்பது எனக்குத் தெரியும். யார் என்றும் தெரியும். அறிந்தே பூட்டினேன், அறிந்தே கையெழுத்துப் போட்டேன். அஜாக்கிரதை, கவனக்குறைவு என்ற இரண்டு சொற்களையும் நீக்கி அறிக்கையைத் திருத்தி எழுதுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சாமியப்பன்.

பின்குறிப்பு: தாங்கள் கைப்பற்றிய கீபோர்டை நேற்று ஏட்டு ஐயா செய்தித்தாளின் மேல் கவிழ்த்துத் தட்டியபோது கொட்டிய காவித் தூளை முகர்ந்து பார்த்துவிட்டு நாலு தும்மல் போட்டார். பிறகு, இது பப்ஸும் இல்லை மிக்சரும் இல்லை, அத்தனையும் மூக்குப்பொடி என்று சொல்லி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மாதம் பக்கத்திலிருந்து கவனித்திருக்கிறேன் ஐயா, சசிகுமார் பொடி போட்டு நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எவ்வளவு சாமர்த்தியமாக மறைத்திருக்கிறான் பாருங்கள்.